பெர்னார் கீ உண்மையில் நூற்றுக்கணக்கானோரை எரித்தாரா?

கேள்வியில் இருக்கும் உருவம் உம்பர்ட்டோ எகோவின் 'ரோஜாவின் பெயர்' (The Name of the Rose) நாவலும் அதன் திரைப்படமும் தந்தது. ஆவணங்களில் தெரிகிறவர் வேறு ஆள்: வெறியர் என்பதைவிட, கணக்குப் பிசகாத குமாஸ்தா.

பிரான்சின் லிமூசின் பகுதியில் 1261 வாக்கில் பிறந்து, டொமினிக்கன் சபைத் துறவியானவர். 1307-இல் துலூஸ் நகரின் மத விசாரணையாளரானார், அதாவது திருச்சபைக் கொள்கைக்கு மாறானவர்களை விசாரித்துத் தண்டிப்பவர். அங்கே அவர் அளித்த தண்டனைகள் தனி ஏடாகவே தொகுக்கப்பட்டுள்ளன. தீர்ப்புகள் 900-க்கும் மேல். உயிரோடு எரிக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 40 பேர். மற்றவர்களில் பலருக்குச் சிறை. சிலர் உடையின் முன்னும் பின்னும் மஞ்சள் துணிச் சிலுவை தைத்துக்கொண்டு ஊருக்குள் நடமாட வேண்டும். இறந்துபோனவர்களையும் விடவில்லை, எலும்பைத் தோண்டி எரித்தார்கள். ஆகவே 'நூற்றுக்கணக்கில்' என்பது மிகை. ஆனால் 40 என்பதும் சின்ன எண் அல்ல.

1323-24 வாக்கில் அவர் முடித்த விசாரணைக் கையேடுதான் எனக்கு மிகவும் சுவையானது. திருச்சபை விரோதிகளாகக் கருதிய கிறிஸ்தவக் குழுவினரான வால்டென்சியர்கள் விசாரணையில் எப்படி நழுவுவார்கள் என்று அதில் விவரிக்கிறார். "இதை நம்புகிறாயா?" என்றால், "நல்ல கிறிஸ்தவன் நம்ப வேண்டியதை எல்லாம் நம்புகிறேன்" என்பார்களாம். யார் நல்ல கிறிஸ்தவன் என்று அடுத்துக் கேட்க வேண்டும். இந்தப் பகுதியில் பழைய நூல் ஒன்றிலிருந்து எடுத்தாண்டதும் உண்டு. அக்காலத்தில் அது வழக்கம்தான்.

இவைபோக, உலக வரலாறு, தாமஸ் அக்வினாஸ் வாழ்க்கை வரலாறு எனப் பலவும் எழுதினார். 1324-இல் தென் பிரான்சின் லொதேவ் நகர ஆயரானார். 1331 டிசம்பரில் இறந்தார், திரைப்படத்தில் வருவதுபோல அல்ல, ஆயர் பதவியில் இருந்தபடியே.