ஸ்டைன்வே அண்ணன் தம்பி கடிதங்கள்: கேள்வி பதில்

பியானோ செய்த ஸ்டைன்வே குடும்பம் 1850இலேயே நியூயார்க் போய்விட்டதே. யார் யாருக்குக் கடிதம் எழுதினார்கள்?

மூத்தவர் தியோடர் மட்டும் ஜெர்மனியில் நின்றுவிட்டார். சேசன் ஊர்ப் பட்டறை அவர் பொறுப்பு. எழுதியவர்கள் அக்கரை போன தம்பிகள்.

அவரையும் வரச்சொல்லிக் கூப்பிட்டார்களா, ஐயா?

இல்லை. அங்கேயே உழைத்துச் சிக்கனமாகப் பிழைக்க முடிந்தால் வராதே என்று ஒரு கடிதம் சொல்கிறது. இங்கே வேலை கடுமை. தினமும் வறுத்த இறைச்சி கிடைத்தாலும் ஊரில் குடித்த உருளைக்கிழங்கு சூப்தான் ருசி என்று படும், என்கிறது. அது வெறும் ஊர் ஏக்கம் இல்லை. 1853 மார்ச் 5இல் சொந்தக் கடை தொடங்கும்வரை இவர்கள் அடுத்தவர் பட்டறைகளில் கூலிக்கு நின்றவர்கள்.

தொழில் நுணுக்கம் ஏதும் எழுதிக்கொண்டார்களா?

நிறைய. தம்பி ஹென்றி 1859இல் காப்புரிமை வாங்கிய குறுக்குக் கம்பி முறையைப் புரிந்துகொண்டு படியுங்கள். தாழ்சுரக் கம்பிகளை மற்றவற்றின் மேலாகச் சாய்வாக இழுத்தார். அதே பெட்டிக்குள் கம்பி நீளம் கூடியது. கம்பிகளின் அதிர்வை ஒலிப்பலகைக்குக் கடத்தும் கட்டை (‘குதிரை’) அந்தப் பலகையின் ஓரத்தைவிட்டு நடுப்பக்கம் நகர்ந்தது. ஓரத்தில் பலகை விறைப்பு, நடுவில் நன்றாக அதிரும். நாதம் கனத்தது அதனால்தான். இழுவிசையைத் தாங்க வார்ப்பிரும்புச் சட்டம். அமெரிக்கக் குளிர்காலத்தில் அடுப்பு எரியும் அறைகளில் காற்று வறண்டு மரம் சுருங்கும். மரச்சட்டத்தை மட்டும் நம்பினால் சுருதி நிற்காது.

கையெழுத்து ஒன்றுமே புரியவில்லை சார்.

அந்தக் காலத்து ஜெர்மன் கூட்டெழுத்தில் ‘e’ எழுத்து ‘n’ போலவே இருக்கும். ‘u’வுக்கு மேலே சிறு வளைவு இருக்கும். முதலில் ஊர், தேதி, கையொப்பம் மூன்றையும் படித்து, அதில் தெரிந்த எழுத்துகளை ஒரு தாளில் வரைந்துகொண்டு உள்ளே போங்கள். அப்பா, மகன் (நாம் ஹென்றி என்கிறவர்) இருவருமே ஹைன்ரிச். பலர் சறுக்குவது இங்கேதான். தொகை வந்தால் தாலரா (பழைய ஜெர்மன் வெள்ளிக்காசு) டாலரா என்று பாருங்கள். தாலர் மதிப்பில் குறைவு.

அப்புறம் தியோடர் ஏன் போனார்?

1865 மார்ச் 11இல் ஹென்றி காசநோயில் போனார். அதே மாதம் 31இல் இன்னொரு தம்பி சார்லஸ், தியோடரைப் பார்க்க அவர் அப்போது இருந்த ஜெர்மன் ஊரான பிரவுன்ஷ்வைக் வந்த இடத்தில், டைபாய்டில் இறந்தார். அப்பாவுக்கு வயது 68. தியோடர் அங்கிருந்த தொழிலை க்ரோட்ரியன் உள்ளிட்ட மூவருக்கு விற்றுவிட்டுக் கப்பலேறினார்.

க்ரோட்ரியன்-ஸ்டைன்வெக் என்று ஒரு பியானோ பார்த்தேன். அதுவும் இவர்களுடையதா?

இல்லை. தியோடர் விற்ற அந்தப் பட்டறையின் வாரிசுகள் செய்தது.