ஸ்டாக்ஸ் ஹெட்ஃபோனை மாற்றலாமா? – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

மூன்று வருடங்களாக ஸ்டாக்ஸ் நிறுவனத்தின் எஸ்ஆர்-எல்300 ஹெட்ஃபோனும் அதற்கான எஸ்ஆர்எம்-252எஸ் ஆம்ப்பும் (ஆம்ப்ளிஃபயர்) வைத்திருக்கிறேன். கேட்பது பெரும்பாலும் கச்சேரிப் பதிவுகள், கொஞ்சம் பியானோ. குரலும் வயலினும் முதல் நாள் எப்படி இருந்ததோ இன்றும் அப்படியே இருக்கின்றன. ஆனால் சில மாதங்களாக மிருதங்கத்தின் தொப்பி, அதாவது இடது பக்கத்துக் கனத்த நாதம், மெலிந்து கேட்கிறது. ஆம்ப்புக்குத் தெம்பு போதவில்லை, பெரிய ஆம்ப்பான 353எக்ஸ் வாங்கினால் சரியாகிவிடும் என்கிறார் ஒரு நண்பர். ஆம்ப்பை விடு, நேராக எல்700 ஹெட்ஃபோனுக்குப் போய்விடு என்கிறார் இன்னொருவர். இரண்டையும் சேர்த்து வாங்க என்னால் முடியாது. எதை முதலில் மாற்றுவது? பழையதை விற்றுவிடலாமா? இல்லை, இருப்பதே போதுமா?

பி.கு: ஹெட்ஃபோனை மாட்டும்போது சில சமயம் உள்ளே படபடவென்று ஒரு சத்தம் வருகிறது. பழுதா?

ஆர்.

அன்புள்ள ஆர்,

இப்போதைக்கு ஆம்ப்பும் வேண்டாம், எல்700-ம் வேண்டாம். முதலில் பேடை, அதாவது காதைச் சுற்றிப் பதியும் மெத்தையை, மாற்றுங்கள்.

உங்கள் கடிதத்தில் நான் இரண்டு மூன்று முறை திரும்பிப் போய்ப் படித்தது ‘சில மாதங்களாக’ என்ற அந்த இடத்தைத்தான். ஆம்ப்புக்குத் தெம்பு இல்லையென்றால் அது வாங்கிய அன்றைக்கே இல்லை. இவ்வளவு நாள் தொப்பியை ஒழுங்காகக் கேட்கவைத்துவிட்டுத் திடீரென்று இளைத்துப் போகாது. ஹெட்ஃபோனின் தரத்துக்கும் இதே கணக்குதான். இந்த மூன்று வருடத்தில் உங்களிடம் இருப்பவற்றில் நிச்சயமாகத் தேய்ந்திருக்கக்கூடியது ஒன்று உண்டு, தினமும் உங்கள் கன்னத்து வியர்வையும் எண்ணெயும் படுகிற அந்தச் செயற்கைத் தோல் பேட். பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். உள்ளே இருக்கும் நுரை அமுங்கிப் போயிருக்கும்.

பேட் தேய்ந்தால் மெத்துமெத்தென்று இருக்காது, அவ்வளவுதானே என்று தோன்றலாம். சாதாரண ஹெட்ஃபோனில் ஓரளவுக்கு அப்படித்தான். உங்களுடையது எலக்ட்ரோஸ்டேடிக், நிலைமின்சாரத்தால் இயங்குவது. அதில் விஷயம் வேறு. இதில் கம்பிச் சுருளும் காந்தமும் கிடையாது. ஒன்றிரண்டு மைக்ரான் கனத்தில் ஒரு சவ்வு, நம் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. அதன்மேல் எந்நேரமும் 580 வோல்ட் நிற்கிறது. இருபுறமும் துளையிட்ட இரண்டு தகடுகள். பாட்டின் சிக்னல் அந்தத் தகடுகளுக்குப் போகிறது, ஒன்று இழுக்க மற்றது தள்ள, சவ்வின் பரப்பு முழுவதும் ஒரே சமயத்தில் அசைகிறது. எடையே இல்லாத மாதிரி இருக்கும் பொருள் என்பதால்தான் வில் தந்தியில் படுகிற முதல் உரசல்கூட உங்களுக்கு அப்படியே கிடைக்கிறது. ஆனால் அந்தச் சவ்வுக்கும் தகட்டுக்கும் நடுவே இருப்பது சுமார் அரை மில்லிமீட்டர் இடம். அதற்குள் முன்னும் பின்னும் போய் எவ்வளவு காற்றைத் தள்ளிவிட முடியும்? காதுக்கும் சவ்வுக்கும் நடுவே இருக்கும் சின்ன அறை ஒழுகாமல் மூடியிருந்தால்தான் கீழ் ஸ்வரங்களின் அழுத்தம் உள்ளே நிற்கும். எங்கேயாவது ஒரு கீற்று திறந்திருந்தால் முதலில் ஓடிப்போவது பேஸ். குரலுக்கும் வயலினுக்கும் பெரிதாக ஒன்றும் ஆகாது. நீங்கள் எழுதியிருப்பதும் அப்படியே இதுதான்.

இன்றைக்கே சோதித்துப் பாருங்கள். நன்றாகப் பதிவான ஒரு மிருதங்கத் தனி ஆவர்த்தனத்தை ஓடவிட்டு, இரண்டு உள்ளங்கைகளாலும் ஹெட்ஃபோனின் சட்டத்தைத் தலையோடு மெதுவாக அழுத்துங்கள். வெளிப்பக்கத்துக் கிரில்லை மூடிவிடாதீர்கள், அது வேறு விதமாக ஒலியை மாற்றிவிடும், விளிம்பை மட்டும் பிடித்தால் போதும். அழுத்திய உடனே தொப்பியில் அந்தக் கும்மென்ற நாதம் (கும்கி) உருண்டு திரண்டு வந்து, கையை எடுத்ததும் மறுபடி வற்றிப் போனால் வேறு விடை தேட வேண்டியதில்லை. ‘லாம்டா’ என்று ஸ்டாக்ஸ் பெயர் வைத்த இந்தச் செவ்வகக் கூடுகள் பெரும்பாலும் காதுக்குக் கீழே, தாடை எலும்பு திரும்பும் பள்ளத்தில்தான் ஒழுகும். அந்த இடத்தை மட்டும் ஒரு விரலால் தாங்கிப் பிடித்தும் பாருங்கள். கண்ணாடி போடுபவர் என்றால் ஒருமுறை கழற்றிவிட்டுக் கேளுங்கள். சில மாதங்களுக்கு முன் ஃபிரேம் மாற்றினீர்களா என்றும் யோசித்துப் பாருங்கள், கொஞ்சம் தடித்த காம்பு ஒன்றே போதும்.

பேட் இருபக்கமும் ஒட்டும் டேப்பில்தான் நிற்கிறது, வீட்டிலேயே மாற்றலாம். முதலில் ஆம்ப்பிலிருந்து கழற்றிவிடுங்கள். பழைய பேடை உரிக்கும்போது ஹெட்ஃபோனின் உள்பக்கம் கீழே பார்த்தபடி பிடியுங்கள், உதிர்கிற துணுக்கு எதுவும் சவ்வின் பக்கம் விழக்கூடாது. தூசி தெரிகிறது என்று வாயால் ஊதாதீர்கள், வேக்குவம் கிளீனரைக் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள்.

சரி, பேட் மாற்றியும் குறை அப்படியே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் 353எக்ஸ் வாங்கச் சொல்ல மாட்டேன். உங்கள் நண்பர் 280 வோல்ட், 400 வோல்ட் என்ற இரண்டு எண்களைப் பார்த்திருப்பார். உங்கள் 252எஸ் அதிகபட்சம் தருவது 280, 353எக்ஸ் தருவது 400. தாளில் பெரிய இடைவெளிதான். சத்தத்தை அளக்கும் டெசிபெலில் போட்டால் வெறும் 3. எல்300-க்கு 100 வோல்ட் கொடுத்தால் 101 டெசிபெல் வரும் என்று நிறுவனமே சொல்கிறது. ஆக 252எஸ் தன் முழு மூச்சில் 110 டெசிபெல் வரை போகும். நீங்கள் 80 டெசிபெலில் கேட்கிறீர்கள் என்றால் (அதுவே நல்ல சத்தம்) அதற்கு ஆம்ப்பிடம் கேட்பது பத்து வோல்ட்டுக்கும் குறைவு. அங்கிருந்து ஒரு அடி 20 டெசிபெல் எகிறி விழுந்தாலும் தேவைப்படுவது சுமார் 90 வோல்ட். 280-இல் இன்னும் எவ்வளவோ மிச்சம். இதற்கு மேலும் ஆம்ப் திணறுகிற அளவுக்குக் கேட்டீர்கள் என்றால் நான் கவலைப்படுவது உங்கள் காதைப் பற்றி.

பெரிய ஆம்ப்பே வீண் என்று சொல்ல வரவில்லை. ஸ்டாக்ஸின் 007 போன்ற ஹெட்ஃபோன்களுக்கு அது நிஜமாகவே வேண்டும். பேலன்ஸ்டு இன்புட் (மூன்று முள் இணைப்பு) தேவைப்படுபவர்களுக்கும் 252எஸ் போதாது, அதில் சாதாரண ஆர்சிஏ இணைப்பு மட்டும்தான். ஆனால் எல்300-க்குப் பின்னால் பெரிய ஆம்ப்பை வைத்துவிட்டு ‘மேடை விரிந்தது’, ‘தெம்பு கூடிவிட்டது’ என்று சொல்பவர்களில் பலர் கேட்டது கொஞ்சம் கூடுதலான சத்தத்தைத்தான் என்று நினைக்கிறேன். ஒரு டெசிபெல் வித்தியாசத்தை நம் காது சத்தம் என்று பிரித்துச் சொல்லாது, ‘நன்றாக இருக்கிறது’ என்றுதான் சொல்லும்.

அதனால் எதை எதோடு ஒப்பிட்டாலும் முதலில் சத்தத்தைச் சமமாக்குங்கள். ஒரு அட்டையில் ஓட்டை போட்டு, ஃபோனின் மைக்கை அதில் பொருத்தி, பேடை அட்டையின் மேல் அழுத்தி உட்காரவைத்து, சத்தம் அளக்கும் ஆப் ஒன்றில் ஒரே எண் வரும்வரை ஆம்ப்பைத் திருப்புங்கள். எண் துல்லியமாக இருக்க வேண்டாம், இரண்டுக்கும் ஒன்றாக இருந்தால் போதும். மல்டிமீட்டர் முனையை மட்டும் ஹெட்ஃபோன் சாக்கெட்டுக்குள் விட்டுவிடாதீர்கள், உள்ளே நூற்றுக்கணக்கான வோல்ட் இருக்கிறது.

எல்700 பற்றி. இது வேறு கதை, இதில் உண்மையான மாற்றம் இருக்கிறது. உயர்வகை 009-இல் இருக்கிற மாதிரி, மெல்லிய தகடுகளை அடுக்கி வெப்பத்தால் ஒன்றாக்கிச் செய்த எலக்ட்ரோடு (சவ்வின் இருபுறமும் இருக்கும் அந்தத் துளைத் தகடு) இதிலும் இருக்கிறது. பேட் ஆட்டுக்குட்டித் தோல், தலைப்பட்டையும் ஒழுங்காக உட்காரும். தம்புராவை வைத்துக் கேட்டால் வித்தியாசம் உடனே பிடிபடும். எல்300-இல் தம்புரா பின்னால் விரித்த ஒரு துணி மாதிரி இருக்கிறது என்றால், எல்700-இல் ஒவ்வொரு தந்தியும் மீட்டப்பட்டு, குதிரைமேல் தந்திக்கு அடியில் இருக்கும் ஜீவா நூலின் மேல் ஏறி, அந்த ரீங்காரம் மெல்ல மலர்ந்து அடுத்த தந்தியோடு கலப்பது வரை பின்தொடர்ந்து போகலாம். நான் முதல்முறை அதைக் கேட்டபோது பாட்டைக் கவனிக்காமல் ஆலாபனை முடியும்வரை தம்புராவையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆனால் அதே எல்700-இல் மேல் பகுதி சற்றுத் தூக்கலாக இருக்கும். நல்ல பதிவில் அது வெளிச்சம். ஒலிநாடாவில் எடுத்து, பல கை மாறி வந்த பழைய கச்சேரிப் பதிவில் நாடாவின் இரைச்சலும் மைக்கின் கரகரப்பும் பாடகருக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும். நீங்கள் கேட்பதில் பாதிக்கு மேல் அப்படிப்பட்ட பதிவுகள் என்றால் எல்300-தான் உங்களுக்கு நல்ல துணை. இது உங்கள் மனதைத் தேற்ற எழுதுவதில்லை. என்னிடம் இரண்டும் இருக்கின்றன, பழைய பதிவுகளுக்கு நான் இன்றும் எடுப்பது எல்300-ஐத்தான்.

மாற்றத்தான் வேண்டும் என்று பிறகு தோன்றினால் ஹெட்ஃபோனை மாற்றுங்கள், ஆம்ப்பை வேண்டாம். 252எஸ் எல்700-ஐ ஓட்டும். நடுவில் இருக்கும் எல்500-இல் நிற்காதீர்கள், ஒரு வருடத்தில் இதே கடிதத்தை மறுபடி எழுதுவீர்கள். அதற்கும் முன்னால் ஒரு மாதம் ஈக்வலைசரைப் பயன்படுத்திப் பாருங்கள். கீழ் ஸ்வரங்களை மட்டும் 3, 4 டெசிபெல் ஏற்றி, மொத்த அளவை அதே அளவுக்கு இறக்கிவிடுங்கள். இந்தச் சவ்வுகளில் டிஸ்டார்ஷன் (ஒலி சிதைவது) மிகக் குறைவு, அவ்வளவை அலட்டிக்கொள்ளாமல் தாங்கும். அதற்கு மேல் ஏற்றாதீர்கள், அந்த அரை மில்லிமீட்டர் இடத்தை மறந்துவிடக் கூடாது.

பழையது மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது ஆசை காட்டுவார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டாக்ஸ் 1960-லிருந்து இந்த வகை ஹெட்ஃபோன் செய்கிறது, ஆரம்ப கால மாடல்களுக்கு பயாஸ், அதாவது சவ்வின்மேல் எந்நேரமும் நிற்கும் மின்னழுத்தம், 230 வோல்ட், பிளக்கில் ஆறு முள். இப்போதைய ப்ரோ வகைக்கு 580, ஐந்து முள். முள்ளை எண்ணாமல் வாங்கக் கூடாது. அதைவிட முக்கியமானது நேரம். நான் ஒருமுறை பழைய லாம்டா ஒன்றை ‘ஒரு குறையும் இல்லை’ என்ற பேச்சை நம்பிப் பத்து நிமிடம் கேட்டுவிட்டு வாங்கினேன். வீட்டில் அரை மணி நேரம் தாண்டியதும் வலது பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கியது, மழைக்காலத்தில் இன்னும் மோசம். சவ்வின் மேல் இருந்த மின்னூட்டம் எங்கோ கசிந்துகொண்டிருந்தது. விற்றவர் அதன் பிறகு ஃபோனை எடுக்கவே இல்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்க விடாதவரிடம் எலக்ட்ரோஸ்டேடிக் வாங்காதீர்கள். உங்கள் எல்300-இலும் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்: தொப்பி ஒரு பக்கம் மட்டும் மெலிந்து, அந்தப் பக்கத்துக் குரலும் சேர்ந்து அமுங்கினால் அது பேட் இல்லை, சர்வீஸுக்குத்தான் அனுப்ப வேண்டும்.

விற்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். புதியது வந்தாலும் ஒரு மாதம் விற்காதீர்கள். புதியதை மட்டும் இரண்டு வாரம் கேட்டுவிட்டு ஒரு நாள் பழையதற்குத் திரும்புங்கள். பழையதில் என்ன குறைகிறது என்று அன்றைக்குத் தெரியும். எதுவும் குறையவில்லை என்றால் திருப்பி அனுப்ப வேண்டியது புதியதை.

பின்குறிப்பில் கேட்ட சத்தம் பழுது இல்லை. மாட்டும்போது பேடுக்குள் அகப்பட்ட காற்று சவ்வை ஒரு பக்கமாகத் தள்ளுகிறது, அதன் படபடப்புதான் அது. முன்பு இல்லாமல் புதிய பேட் போட்ட பிறகு அதிகமாக வந்தால் சந்தோஷப்படுங்கள், காற்று ஒழுகவில்லை என்று அர்த்தம். கீழ் விளிம்பை முதலில் தாடையில் வைத்து, மேல் பக்கத்தை மெதுவாகச் சாய்த்து மாட்டுங்கள். கழற்றும்போதும் அதே மாதிரி.