பட்டை இருக்கிறது, நொதி எங்கே? – கேள்வி பதில்

மரபணு மாற்றிய ஈ.கோலை பாக்டீரியாவில் நொதி (வேதிவினையை விரைவாக்கும் புரதம்) தயாரிப்பது பற்றி சேலம் பக்கத்திலிருந்து வந்த கேள்விகளில் சில.

எம்.எஸ்சி. மாணவி, சேலம்: சார், பேசில்லஸ் என்ற பாக்டீரியாவின் ஆல்ஃபா அமைலேஸ் (ஸ்டார்ச்சை உடைக்கும் நொதி) மரபணுவை பிஎல்21 என்ற ஈ.கோலை வகையில் ஏற்றி, 37 டிகிரியில் மரபணுவை இயக்கிவிடும் ஐபிடிஜி சேர்த்து 4 மணி நேரம் வளர்த்தேன். புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் இந்தப் புரதத்தின் பட்டை தடிமனாகத் தெரிகிறது. ஆனால் செல்லை உடைத்த சாற்றை ஸ்டார்ச் தட்டில் வைத்து அயோடின் ஊற்றினால், ஸ்டார்ச் உடைந்ததைக் காட்டும் வெளுப்பே இல்லை.

பட்டை விழுந்துவிட்டதால் மரபணுவைச் சந்தேகப்பட வேண்டாம். புரதம் உருவாகிறது, ஆனால் சரியாக மடியவில்லை என்றுதான் தோன்றுகிறது. 37 டிகிரியில் டி7 புரோமோட்டரை (மரபணுவை இயக்கும் சுவிட்சை) முழுக்கத் திறந்துவிட்டால் மடிந்து முடிக்க நேரமில்லாத புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். சாற்றை சென்ட்ரிஃப்யூஜில் போட்டு, மேலே தெளிந்ததையும் அடியில் படிந்ததையும் தனித்தனியாக ஜெல்லில் ஓட்டிப் பாருங்கள். பட்டை அடியில் படிந்ததில் மட்டும் தெரிந்தால் காரணம் இதுதான்.

அடுத்த முறை ஓடி (செல் பெருக்கத்தைக் காட்டும் கலங்கல் அளவு) 0.6 வரும்வரை 37 டிகிரியில் வளர்த்து, 18–20 டிகிரிக்கு இறக்கி, அப்புறம் ஐபிடிஜி சேர்த்து இரவு முழுக்க விடுங்கள். பலர் 1 மில்லிமோலார் போடுகிறார்கள், 0.1 போதும். செல்லை உடைக்கும் பஃபர் கரைசலில் ஈடிடிஏ என்ற வேதிப்பொருள் இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்த நொதிக்குக் கால்சியம் வேண்டும், ஈடிடிஏ அதைப் பிடுங்கிவிடும்.

அதே கல்லூரித் தோழி: 20 டிகிரி எப்படி சார்? இங்கே மே மாதம் லேபே கொதிக்கிறது.

குளிரூட்டி இல்லாத ஷேக்கருக்கு (பிளாஸ்க்கை ஆட்டி வளர்க்கும் கருவி) சூட்டை ஏற்றத்தான் தெரியும். அறையைவிடக் கீழே இறங்காது, மோட்டார் சூடு வேறு சேரும். ஏசி அறைக்கு மாற்றி, ஹீட்டரை அணைத்து, 25 கிடைத்தாலும் வித்தியாசம் தெரியும். திரையில் காட்டும் எண்ணை நம்பாதீர்கள். தண்ணீர் ஊற்றிய பிளாஸ்க் ஒன்றில் தெர்மாமீட்டரை வைத்து அளந்து கொள்ளுங்கள்.

ஆசிரியை, ஏற்காடு: 15 பவுண்டு அழுத்தத்தில் 15 நிமிடம் ஆட்டோகிளேவ் செய்தும் (நீராவியில் கிருமி நீக்கியும்) மீடியம், அதாவது பாக்டீரியா வளர்க்கும் ஊட்டக் கரைசல், அடிக்கடி கெட்டுப்போகிறதே?

நல்ல கேள்வி மேடம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். கேஜ் காட்டுவது வெளிக்காற்றுக்கு மேலான அழுத்தத்தை மட்டும்தான். காற்றழுத்தமே அங்கே குறைவு என்பதால் 15 பவுண்டில் உள்ளே 121 டிகிரி வராது, கிட்டத்தட்ட 118தான். வால்வு இடம் கொடுத்தால் 17–18 பவுண்டு வையுங்கள். இல்லாவிட்டால் 30 நிமிடம். ஆக்சிஜனும் கீழே இருப்பதைவிடக் குறைவாகத்தான் கரையும், பிளாஸ்க்கில் மீடியத்தைக் கொஞ்சமாக ஊற்றுங்கள்.

சேகோ பேக்டரி நடத்துபவர், ஆத்தூர்: குச்சிக்கிழங்கு மாவை இந்த ஈ.கோலைக்குத் தீனியாகக் கொடுக்கலாமா?

நேராகக் கொடுத்தால் தின்னாதுங்க. ஸ்டார்ச்சை உடைக்கும் நொதியை ஈ.கோலை வெளியே விடுவதில்லை. முதலில் குளுக்கோஸாக்க வேண்டும். அதையும் ஒரேயடியாகக் கொட்டினால் செல் அவசரமாகத் தின்று மீதியை அசிடேட்டாகக் கக்கும், வளர்ச்சி நின்றுபோகும். போதாக்குறைக்கு, குளுக்கோஸ் இருக்கும்வரை லாக் புரோமோட்டர் (லாக்டோஸோ ஐபிடிஜியோ வந்தால் திறக்கும் சுவிட்ச்) அரைத் தூக்கத்தில் இருக்கும். அதனால் சொட்டுச் சொட்டாக ஊட்டுவார்கள். இந்தப் பழக்கத்தையே சாதகமாக்கியது 2005-இல் ஸ்டுடியர் வெளியிட்ட ஆட்டோ இண்டக்‌ஷன் முறை: குளுக்கோஸ் தீர்ந்ததும் செல் தானாக லாக்டோஸுக்கு மாறி நொதி தயாரிக்கத் தொடங்கும்.

ஆனால் ஒன்று, மரபணு மாற்றிய பாக்டீரியாவை ஆலையில் நினைத்தபடி வளர்க்க முடியாது. மரபணு மாற்றிய உயிரிகளுக்கான மத்திய அரசின் 1989 விதிகளின்படி அனுமதி வேண்டும். கிழங்குச் சக்கையான திப்பியில் சாதாரண பேசில்லஸை வளர்த்துப் பாருங்கள், அமைலேஸை அதுவே வெளியே விடும்.

ஆய்வு மாணவர்: 250 மில்லி பிளாஸ்க்கில் 200 மில்லி மீடியம், சரியா?

150 மில்லியைக் கொட்டிவிட்டு 50 மட்டும் வையுங்கள் தம்பி, செல்லுக்குக் காற்று வேண்டும்.

அவரே: ஆம்பிசிலின் என்ற ஆன்டிபயாடிக் போட்டும் பிளாஸ்மிட் (நம் மரபணுவைச் சுமக்கும் டிஎன்ஏ வளையம்) காணாமல் போகிறதே?

பிளாஸ்மிட் இருப்பதால் மருந்தை எதிர்க்கும் செல்கள் விடும் பீட்டா லாக்டமேஸ் என்ற நொதி அந்த மருந்தையே தின்றுவிடும், அப்புறம் பிளாஸ்மிட் இல்லாதவையும் பெருகும். இரவுக் கல்ச்சரை அப்படியே ஊற்றாமல், செல்லைப் படியவைத்துப் புது மீடியத்தில் கலக்கிச் சேருங்கள். ஆம்பிசிலினுக்குப் பதில் கார்பெனிசிலின் வாங்க முடிந்தால் அதுவே மேல், விலைதான் கூட.