நகம் வெட்டும் படிப்பா?

அன்புள்ள அம்மாவுக்கு,

மருத்துவப் படிப்புக்கு இடம் கிடைக்காத மகள் இப்போது பாத மருத்துவம், அதாவது பொடியாட்ரி, படிக்க விரும்புவதாகவும், "ஊரார் கால் நகம் வெட்டவா பிள்ளையை லண்டனில் படிக்க வைத்தோம்?" என்று வீட்டில் பேச்சு எழுந்திருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். நகம் வெட்டுவதும் அந்த வேலையில் உண்டு. அதை மறைக்க நான் விரும்பவில்லை.

ஆனால் அந்த நகத்துக்குப் பின்னால் இருப்பதைப் பாருங்கள். நீரிழிவால் பாத நரம்புகள் மரத்துப்போனவருக்குச் சப்பாத்துக்குள் கிடக்கும் சிறு கல் உறுத்துவதுகூடத் தெரியாது. வலிக்காத புண் எலும்புவரை இறங்கி, விரலை எடுக்க வேண்டும் என்று சொல்லும்போதுதான் வீட்டார் பதறுவார்கள். பாத மருத்துவர் நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லி, 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழை ஒன்றை உள்ளங்காலில் ஒவ்வோர் இடமாக ஊன்றி, எங்கே உணர்வு அற்றிருக்கிறது என்று கண்டறிகிறார்; கணுக்காலருகே நாடி பார்க்கிறார்; புண்ணின் இறந்த தசையைக் கத்தியால் அகற்றுகிறார். மரப்பு ஊசி போட்டு உள்வளர்ந்த நகத்தை எடுப்பதும் அவரே.

இங்கிலாந்தில் இது பெரும்பாலும் 3 ஆண்டுப் பட்டம், ஸ்காட்லாந்தில் 4. ஹடர்ஸ்ஃபீல்ட், சால்ஃபர்ட், கிளாஸ்கோ கலிடோனியன் முதலிய பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. எங்கே விண்ணப்பித்தாலும், அந்தப் படிப்பு, இத்தகைய சுகாதாரத் தொழில் செய்பவர்களைப் பதிவு செய்யும் அமைப்பான எச்.சி.பி.சி.யின் அங்கீகாரம் பெற்றதா என்பதை முதலில் பாருங்கள். அந்த அமைப்பில் பதிவு இல்லாதவர் தம்மைப் 'பொடியாட்ரிஸ்ட்' என்று அழைத்துக்கொள்வது சட்டப்படி குற்றம். இங்கிலாந்தில் படிக்கும் தகுதியுள்ள உள்நாட்டு மாணவர்களுக்குத் திருப்பிச் செலுத்த வேண்டாத உதவித்தொகையாக ஆண்டுக்கு 5,000 பவுண்டும், இத்துறைக்கென்று மேலும் 1,000 பவுண்டும் கிடைக்கின்றன. அரசுப் பொதுச் சுகாதார சேவையான என்.எச்.எஸ்.இல் வேலை பொதுவாக 'பேண்ட் 5' என்னும் ஊதிய நிலையில் தொடங்கும். மேற்பயிற்சி பெற்றவர்கள், 2013இல் மாற்றப்பட்ட சட்டத்தின்படி, தாமாகவே மருந்தும் எழுதித் தரலாம்.

என்னைத் தயங்க வைப்பது ஒன்றுதான்: இதன் வழியாகப் பின்னர் மருத்துவத்துக்குத் தாவிவிடலாம் என்ற எண்ணம் மகளுக்கு இருந்தால், இந்தப் படிப்பு வேண்டாம். புண்ணின் நாற்றத்தையும் முதியவர்களின் நீண்ட கதைகளையும் முகம் சுளிக்காமல் தாங்கும் பொறுமை அவருக்கு உண்டா என்பதை நானோ நீங்களோ சொல்ல முடியாது. அம்மம்மாவின் காலைப் பாத மருத்துவப் பிரிவில் பார்த்துவருவதாக எழுதியிருந்தீர்கள் அல்லவா? அடுத்த முறை, முன்கூட்டியே அனுமதி கேட்டு, மகளைத் துணைக்கு அனுப்புங்கள்; விண்ணப்பத்தைப் பிறகு எழுதலாம்.