கிணற்று நீச்சல் தெரியும். அந்தமானில் ஸ்கூபா கற்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். எனக்குச் சொந்த ஊர் பாலக்கோடு பக்கம், வேலை ஓசூரில். வயது 27. ஜனவரியில் எட்டு நாள் லீவு போட்டு, நண்பன் ஒருவனோடு பையை முதுகில் மாட்டிக்கொண்டு அந்தமான் போகலாம் என்று இருக்கிறேன். அங்கே ஸ்கூபா டைவிங்கை (காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் மூழ்குவதை) முறையாகவே கற்றுக்கொண்டு வர முடியுமா, இல்லை ஒரு தடவை முங்கிப் பார்த்துவிட்டு வந்தால் போதுமா? சின்ன வயதிலிருந்தே கிணற்றில் குதித்து வளர்ந்தவன். தம் கட்டி அடிவரை போய் மண் எடுத்து வருவேன். நண்பனுக்கு நீச்சல் தெரியாது, கண்ணாடியும் போடுவான். புதுச்சேரியிலேயே ஒரு சனி ஞாயிறில் முடித்துவிடலாமே, அந்தமான் வரை எதற்கு என்று கம்பெனியில் கேட்கிறார்கள். எது சரி?

பதில்: எட்டு நாளில் தாராளமாகக் கற்கலாம். 'ஓபன் வாட்டர்' என்ற முதல் நிலைப் பயிற்சிக்கு மூன்று முதல் நான்கு நாள் ஆகும். பாடம், நீச்சல்குளத்திலோ அலையில்லாத கரையோரத்திலோ பயிற்சி, அப்புறம் கடலில் நான்கு டைவ். முடித்தால் கிடைக்கும் அட்டை உலகம் முழுக்கச் செல்லும். துணைக்கு இன்னொரு டைவர் இருந்தால் 18 மீட்டர் வரை இறங்கலாம். பாடி (PADI), எஸ்எஸ்ஐ (SSI) என்று இந்த அட்டையைக் கொடுக்கும் இரண்டு அமைப்புகளின் பெயர் காதில் விழும். எதில் படித்தாலும் ஒன்றுதான், அதற்காக மண்டையைக் குடைந்துகொள்ள வேண்டாம்.

நீங்கள் சொல்லும் 'ஒரு தடவை முங்கிப் பார்ப்பது' வேறு சரக்கு. அதில் பயிற்றுநர் கூடவே இருந்து உங்களைப் பிடித்துக்கொண்டே கூட்டிப் போவார். அதிகபட்சம் 12 மீட்டர்தான், பெரும்பாலும் அதில் பாதிகூடப் போகமாட்டார்கள். வேடிக்கைக்கு நல்லது, ஆனால் அதில் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை. உங்கள் வயதுக்கும் நீச்சல் பழக்கத்துக்கும் நேராகப் பயிற்சிக்கே போய்விடலாம் என்பது என் கருத்து.

ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்திய இடம் ஒன்று உண்டு. தம் கட்டி அடிமண் எடுப்பதைத் தகுதியாகச் சொல்கிறீர்கள். தண்ணீர் பயம் இல்லை என்பதற்கு அது சரியான அத்தாட்சிதான். ஆனால் ஸ்கூபாவில் நீங்கள் முதலில் விடவேண்டிய பழக்கமே அந்தத் தம் கட்டுவதுதான். நீச்சல் தெரியாமல் வருகிறவரை விட, கிணற்றில் தேறியவரிடம் பயிற்றுநர் இந்த ஒரு விஷயத்தில் அதிகம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

காரணம் இதுதான். பத்து மீட்டர் இறங்கினால் உடம்பின் மேல் அழுத்தம் இரண்டு மடங்காகிறது, இருபதில் மூன்று மடங்கு. கிணற்றில் மேலே மூச்சை நிரப்பிக்கொண்டு இறங்குகிறீர்கள். நுரையீரலில் ஆறு லிட்டர் காற்று இருந்தால் பத்து மீட்டரில் அது மூன்று லிட்டராகச் சுருங்கும். மேலே வரும்போது பழையபடி ஆறு ஆகும். கொண்டுபோன காற்றுதான் திரும்பி வருகிறது, அதனால் ஆபத்தில்லை. ஸ்கூபாவில் அப்படி இல்லை. சிலிண்டரோடு இணைந்த ரெகுலேட்டர், நீங்கள் இருக்கும் ஆழத்தின் அழுத்தத்துக்கு ஏற்பக் காற்றைக் கொடுக்கும். பத்து மீட்டரில் நெஞ்சு நிறைய இழுத்தால் அங்கேயே ஆறு லிட்டர். அதைப் பிடித்து வைத்துக்கொண்டு மேலே வந்தால் அது பன்னிரண்டு லிட்டராக விரியப் பார்க்கும். நுரையீரலில் அதற்கு இடமில்லை. திசு கிழிந்து காற்றுக்குமிழி ரத்தத்தில் கலந்தால் மூளைக்குப் போய்ப் பக்கவாதம் போலத் தாக்கும். இதற்குப் பெரிய ஆழமும் தேவையில்லை. நின்றால் கழுத்தளவு வரும் தண்ணீரில், நெஞ்சு நிறையக் காற்றோடு தரையிலிருந்து எழுந்தாலே நடக்கக்கூடும்.

அதனால்தான் இந்தத் தொழிலில் முதல் விதி: மூச்சை ஒருபோதும் நிறுத்தாதே. ரெகுலேட்டர் வாயில் இல்லாத நேரத்தில்கூட, 'ஆ...' என்று மெல்லச் சத்தமிட்டபடி சின்னச் சின்னக் குமிழியாகக் காற்றை விட்டுக்கொண்டே இருக்கச் சொல்வார்கள். உங்களைப் போன்றவர்களிடம் பயிற்றுநர் பார்ப்பது அந்தக் குமிழியைத்தான். ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுக்கச் சொன்னதும் குமிழி நின்றுவிட்டால், கிணற்றுப் பையன் வெளியே வந்துவிட்டான் என்று அர்த்தம். இன்னொரு ஆசையும் இவர்களுக்கு வரும்: மூச்சை மிச்சம் பிடித்தால் சிலிண்டர் கூடுதல் நேரம் வருமே என்று. வராது. கரியமில வாயு சேர்ந்து தலைவலிதான் வரும். நிதானமாக, ஆழமாக, இடைவிடாமல் மூச்சு விடுபவருக்குத்தான் காற்று மிஞ்சும். சொல்ல மறந்தேன், சிலிண்டரில் இருப்பது ஆக்சிஜன் இல்லை. நாம் இப்போது சுவாசிக்கும் இதே காற்றை வடிகட்டி அமுக்கி வைத்தது, அவ்வளவுதான்.

அடுத்தது காது. கிணற்றில் இறங்கும்போது காது 'விண்' என்று வலிக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு அடியைத் தொட்டுவிட்டு வந்துவிடுவோம். பத்து விநாடி சமாச்சாரம். கடலில் முக்கால் மணி நேரம் கீழே இருக்கப் போகிறீர்கள், வலியைப் பொறுத்தால் செவிப்பறை கிழியும். முகமூடியின் மூக்குப் பகுதியை விரலால் பிடித்து, வாயை மூடி, மூக்கு வழியாக மெல்ல ஊதவேண்டும். காதுக்குள் 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டால் சரியாகிவிட்டது. வலி வந்தபிறகு அல்ல, வருவதற்கு முன்பே, அரை மீட்டருக்கு ஒருமுறை செய்யுங்கள். முதல் மூன்று நான்கு மீட்டரில்தான் தொல்லை அதிகம். காது திறக்கவில்லையா, ஓங்கி ஊதாமல் ஒரு மீட்டர் மேலே ஏறி மறுபடி முயலுங்கள். இதை இன்றிலிருந்தே வீட்டில் பழகலாம், செலவில்லாத பயிற்சி.

ஜனவரியில் ஓசூர்ப் பனிக்குச் சளி பிடிப்பது சகஜம். மூக்கடைப்போடு டைவ் கிடையாது. மாத்திரை போட்டுச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். தண்ணீருக்கு அடியில் மருந்தின் வேகம் தீர்ந்தால், ஏறும்போது காற்று காதுக்குள் மாட்டிக்கொள்ளும்.

பயிற்சியில் பலர் தடுமாறும் இடம் முகமூடி. அதற்குள் பாதிவரை தண்ணீரை விட்டு, கீழே இருந்தபடியே வெளியேற்றச் சொல்வார்கள். மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்தி, தலையைச் சற்று நிமிர்த்தி, மூக்கால் நிதானமாக ஊதினால் தண்ணீர் கீழ் விளிம்பு வழியே போய்விடும். அவசரப்பட்டு மூக்கால் இழுத்தால் உப்புத்தண்ணீர் தொண்டைக்குப் போகும், உடனே மேலே பாயத் தோன்றும். வாயால் மட்டும் இழுத்து மூக்கால் விடும் பழக்கத்தை வீட்டில் ஒரு பக்கெட் தண்ணீரில் முகத்தை வைத்துப் பழகிக்கொண்டு போங்கள், வாயில் வைத்து மூச்சிழுக்கும் ஸ்நார்க்கல் குழாய் ஒன்று போதும்.

நீச்சல் தேர்வும் உண்டு. 200 மீட்டர் நிற்காமல் நீந்தவேண்டும், அப்புறம் பத்து நிமிடம் மிதக்கவேண்டும். நேரக் கணக்கு இல்லை, எந்தப் பாணியிலும் நீந்தலாம். கிணற்றுக்காரர் இங்கேதான் திணறுவார். நாலு கை போட்டால் எதிர்ச்சுவர் வந்துவிடும், படியைப் பிடித்து மூச்சு வாங்கியே பழகியிருப்போம். ஒரு மாதம் ஏதாவது நீச்சல்குளத்தில் நிற்காமல் நீந்திப் பழகுங்கள். தூரம் பழகுகிறேன் என்று கே.ஆர்.பி. அணையிலோ ஒகேனக்கல்லிலோ இறங்கிவிட வேண்டாம். அங்கே தண்ணீர் இழுக்கிற இழுப்பு வெளியே தெரியாது.

எட்டு நாளை எப்படிப் பிரிப்பது? பெங்களூரிலிருந்து விமானத்தில் போர்ட் பிளேர், இப்போது ஸ்ரீ விஜயபுரம். அங்கிருந்து படகில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடக்குறைய ஹேவ்லாக், அதாவது ஸ்வராஜ் தீவு. சென்னையிலிருந்து கப்பலும் உண்டு, ஆனால் போக மட்டுமே மூன்று நாள் தின்றுவிடும், உங்கள் லீவுக்குக் கட்டாது. தீவில் இறங்கிய மறுநாளே பயிற்சியை ஆரம்பித்துவிடுங்கள். ராதாநகர் கடற்கரை, ஊர் சுற்றல் எல்லாம் கடைசிக்குத் தள்ளுங்கள். இரண்டு காரணம். நடுவில் காதோ வயிறோ மக்கர் செய்தால் ஒருநாள் ஓய்வெடுக்க இடம் இருக்கும். இன்னொன்று, கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவே குறைந்தது 18 மணி நேரம் விடவேண்டும். நான் 24 ஆகவே வைத்துக்கொள்ளச் சொல்வேன். ஆழத்தில் சுவாசிக்கும்போது நைட்ரஜன் உடம்பில் கரைந்து நிற்கும். வெளி அழுத்தம் சட்டென்று குறைந்தால், மூடி திறந்த சோடா மாதிரி அது குமிழியாகக் கிளம்பும்.

உங்கள் புதுச்சேரி கேள்விக்கும் பதில் இதே இடத்தில்தான் இருக்கிறது, நம் பக்கத்துக்காரர்கள் பலரும் யோசிக்காத விஷயம் இது. இந்த ஓய்வு விதி விமானத்துக்கு மட்டும் அல்ல, உயரத்துக்கு. கடல்மட்டத்திலிருந்து சுமார் 600 மீட்டருக்கு மேல் போனாலே அது பொருந்தும். தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் 500 மீட்டரை ஒட்டியவை. ஆனால் ஓசூர் சுமார் 900 மீட்டர். ஞாயிறு மதியம் கடைசி டைவை முடித்துவிட்டு, திண்டிவனம், திருவண்ணாமலை, ஊத்தங்கரை வழியாக அன்று ராத்திரியே ஓசூர் ரூமுக்குப் போனால், விதியை மீறித்தான் போகிறீர்கள். அன்றைக்கு கிருஷ்ணகிரியோடு திரும்பி பாலக்கோட்டுக்குப் போய் வீட்டில் படுத்துவிடுங்கள். திங்கள் காலை நிதானமாக ஓசூர் ஏறலாம். தளி, தேன்கனிக்கோட்டைக்காரர்களுக்கும் இதே கதைதான்.

இதைத் தவிர, இரண்டு நாளில் முழுப் பயிற்சி என்பது திணிப்பு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் நம் கிழக்குக் கரையில் கடலும் கலங்கிக் கிடக்கும். கற்றுக்கொள்கிறவருக்குத் தெளிந்த தண்ணீர் பாதி தைரியம், அதில் அந்தமானுக்கு ஈடில்லை. நேரம்தான் பிரச்சினை என்றால் நடுவழி ஒன்று இருக்கிறது. பாடத்தை ஆன்லைனில் முடித்து, குளப் பயிற்சியைப் பெங்களூரில் செய்துவிட்டு, சான்றுக் கடிதத்தோடு போய் நான்கு கடல் டைவை மட்டும் தீவில் முடிக்கலாம். ஓசூரில் இருக்கும் உங்களுக்குக் கைக்கெட்டும் தூரம்.

கிளம்பும் முன் ஒரு வேலை கட்டாயம். டைவிங் மருத்துவப் படிவத்தை இப்போதே வாங்கிப் படியுங்கள். ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு, காதில் ஆபரேஷன் என்று கேள்விகள் இருக்கும். ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் டாக்டர் கையெழுத்து தேவைப்படலாம், தீவில் இறங்கியபிறகு அதற்கு அலைய முடியாது. பொய்யாக 'இல்லை' என்று போடுகிறவர்களும் உண்டு. அதில் ஏமாறுவது பயிற்றுநர் இல்லை. நம் தர்மபுரி மாவட்டத் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம், பல்லில் காவிக்கறை இருந்தால் அதற்காகக் கவலைப்படாதீர்கள். சொத்தைப் பல்லும், அரைகுறையாக அடைத்த பல்லும் இருந்தால் மட்டும் போகும்முன் பார்த்துவிடுங்கள். அழுத்தத்தில் உள்ளே மாட்டிய காற்று தலையே வெடிக்கிற மாதிரி வலியைக் கொடுக்கும்.

பணத்துக்கு, அந்தமானில் பயிற்சிக்குத் தோராயமாக 25,000 முதல் 35,000 ரூபாய் வரை வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் ரண்டாயிரம் குறைகிறதே என்று மையத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். போனில் கேட்கவேண்டியது: ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர், படகில் அவசர ஆக்சிஜன் இருக்கிறதா, தமிழ் தெரிந்தவர் கிடைப்பாரா. விதிப்படி கடலில் ஒருவருக்கு எட்டு மாணவர் வரை வைக்கலாம். நான் நாலுக்கு மேல் இருந்தால் வேறு இடம் பார்ப்பேன். கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம், நுரையீரல் விஷயத்தை அரைகுறை ஆங்கிலத்தில் புரிந்துகொள்வதை விடக் கேட்டுவிடுவது மேல். பயண இன்ஷூரன்ஸில் டைவிங் சேர்த்தியா என்பதையும் பாருங்கள், பல பாலிசிகளில் இருக்காது.

நண்பர் விஷயம். நீச்சல் தெரியாமல் முழுப் பயிற்சிக்கு வரமுடியாது. நீங்கள் படிக்கும் நாளில் ஒன்றில் அவர் அந்த அறிமுக டைவை எடுத்துக்கொள்ளட்டும், நாலைந்தாயிரத்தில் முடியும். அதற்கும் அதே மருத்துவப் படிவம் உண்டு. கண்ணாடிப் பவர் கொண்ட முகமூடி சில மையங்களில் இருக்கும், முன்கூட்டியே பவரைச் சொல்லிவைக்க வேண்டும். மென்மையான கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர் என்றால் அதோடே இறங்கலாம். ஆனால் முகமூடிக்குள் தண்ணீர் வரும்போது கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள், லென்ஸ் மிதந்து போய்விடும்.