மாடலில் இல்லாத சந்து

அன்புள்ள ஐயா,

ஏரோநாட்டிகல் முடித்து மூன்று வருடமாக பெங்களூரில் ஒரு சர்வீஸ் கம்பெனியில் ஸ்ட்ரெஸ் அனாலிசிஸ் செய்கிறேன், அதாவது விமானப் பாகங்கள் சுமையைத் தாங்குமா என்று கணினியில் கணக்கிடும் வேலை. இறக்கையின் ரிப்களை, அதாவது உள்ளே குறுக்காக நிற்கும் சட்டங்களை, திரையில் நூற்றுக்கணக்கில் பார்த்தாயிற்று. ஒன்றைக்கூடக் கையால் தொட்டதில்லை. ஜெர்மனியில் ஃபாக்ஹோக்ஷூலே எனப்படும் செயல்முறைக் கல்லூரி ஒன்றில் ஏரோஸ்பேஸ் முதுகலை படிக்க ஆசை. “அது பாலிடெக்னிக் மாதிரிடா, அதுக்குப் போய் லோன் போடுவியா? கேட் எழுதி ஐஐடிக்குப் போ” என்கிறார் சித்தப்பா. ஆராய்ச்சிப் படிப்பைவிட இது ஒரு படி கீழா?

கார்த்திக், பெங்களூர்

அன்புள்ள கார்த்திக்,

சித்தப்பாவிடம் ஒரு செய்தி சொல்லுங்கள். 2008 ஏப்ரல் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி9 பத்து செயற்கைக்கோள்களைத் தூக்கிக்கொண்டு போனது. அதில் ஒன்று காம்பஸ்-1. பத்து சென்டிமீட்டர் கனசதுரம், எடை ஒரு கிலோ அளவு. செய்தவர்கள் ஆகன் நகரத்து ஃபாக்ஹோக்ஷூலே மாணவர்கள். (பாலிடெக்னிக் என்பதை நாம் எப்போது வசவாக்கினோம் என்பது தனிக்கதை.)

அந்தக் கல்லூரிகளில் பேராசிரியராக முனைவர் பட்டம் மட்டும் போதாது. பொதுவாக ஐந்து வருடத் தொழில் அனுபவம் வேண்டும். அதில் மூன்று வருடமாவது பல்கலைக்கழகத்துக்கு வெளியே. இந்த ஒரு விதிக்காகவே நான் அந்தப் படிப்பை மதிப்பேன்.

நானும் உங்களைப்போல, பாகங்களைக் கணினியில் சிறு கட்டங்களாகப் பிரித்து மெஷ் போட்டுக்கொண்டிருந்தவன்தான். ஒருமுறை நான் கணக்குப் போட்ட பிராக்கெட் சோதனைக்கூடத்துக்கு வந்தது. சுமை ஏற்றவே இல்லை, போல்ட்டை முறுக்கும்போதே, உலோகம் எவ்வளவு இழுபடுகிறது என்று காட்டும் ஸ்ட்ரெயின் கேஜ் எகிறியது. கேஜ் ஒட்டியது சரியில்லை என்று அரை மணி நேரம் வாதாடினேன். அங்கிருந்த டெக்னீஷியன் அண்ணன் பதில் பேசவில்லை. போல்ட்டைத் தளர்த்தி, இரண்டு பாகங்களுக்கும் நடுவே, சந்தின் அகலத்தை அளக்கும் ஃபீலர் கேஜ் தகட்டை நுழைத்துக் காட்டினார். முக்கால் மில்லிமீட்டர். “உங்க மாடல்ல இந்தச் சந்து இருக்கா தம்பி?”

இல்லை. என் மாடலில் இரண்டு பரப்பும் ஒட்டிப் பிறந்ததுபோலப் படிந்திருந்தன. நிஜத்தில் போல்ட் அந்தச் சந்தை இழுத்து மூடும்போது பிராக்கெட் வளைகிறது. பறப்பதற்கு முன்பே அதன் தாங்குதிறனில் ஒரு பங்கு செலவாகிவிடுகிறது. சரியான கனத்தில் ஒரு ஷிம், அதாவது சந்தை நிரப்பும் மெல்லிய தகடு, வைத்ததும் தீர்ந்தது. நான்கு வருடம் படித்ததில் ஷிம் என்ற சொல்லை நான் கேள்விப்பட்டதே இல்லை. தொழிற்சாலையில் ஐந்து வருடம் இருந்துவிட்டு வரும் வாத்தியாருக்கு இப்படி ஒரு டெக்னீஷியனிடமாவது மூக்குடைபட்டிருக்கும்.

ஆனால் ‘செயல்முறைக் கல்வி’ என்று எல்லோரும்தான் போட்டுக்கொள்கிறார்கள். இப்போது அங்கே படிக்கும் பையன்களைப் பிடித்துக் கேளுங்கள். ஆய்வகக் கருவிகள் உங்கள் கைக்கு வருமா, வருகிறவர்களுக்குக் காட்ட மட்டுமா? தீசிஸைக் கம்பெனியில் செய்ய விடுவார்களா? இரண்டு வருடத்தில் எதையாவது நீங்களே செய்து, சுமை ஏற்றி, உடைத்துப் பார்ப்பீர்களா? கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் அந்தக் கல்லூரியை விட்டுவிடலாம்.

மொழியும் உண்டு. வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கலாம். ஆனால் அந்த அண்ணன் என்னிடம் தமிழில் கேட்ட கேள்வி உங்களுக்கு ஜெர்மனில் வரும். ஓரளவு சரளமாகப் பேசும் பி2 நிலை வரையாவது ஜெர்மன் படித்துவிட்டுப் போங்கள்.

சித்தப்பா முழுக்கத் தப்பும் இல்லை. முனைவர் பட்டம்தான் குறி என்றால் இது சுற்றுவழி. ஃபாக்ஹோக்ஷூலேக்களுக்கு அந்தப் பட்டம் கொடுக்கும் உரிமையே நெடுங்காலம் கிடையாது. முதலில் பெற்றது ஃபுல்டா, 2016ல்தான். ஐஐடி என்றால் வெறும் ஏட்டுப் படிப்பு என்றும் நினைக்காதீர்கள். கான்பூர் ஐஐடிக்குச் சொந்தமாக ஓடுபாதையே இருக்கிறது. சிறு விமானத்தில் ஏறி, பறந்துகொண்டே அளவெடுக்கும் பாடம் உண்டு. லோன் விண்ணப்பத்தை நிரப்புவதற்கு முன் அங்கேயும் ஒரு வார்த்தை விசாரித்துவிடுங்கள்.