பல்பு மாற்றியும் லாரி ஹெட்லைட் மங்கலா?

கேள்வி: ஏற்காட்டிலிருந்து சேலத்துக்குக் காபி, மிளகு மூட்டை ஏற்றும் லாரி வைத்திருக்கிறேன். 24 வோல்ட் வண்டி, இருபது வருடம் ஆகிறது. ஹெட்லைட் மங்கல், இடது பக்கம் இன்னும் மோசம். 75/70 வாட்ஸ் பல்பை (தூர வெளிச்சமான ஹை பீமுக்கு 75, தாழ்ந்த வெளிச்சமான டிப்புக்கு 70) எடுத்துவிட்டு 100/90 போட்டேன். இரண்டே மாதத்தில் இடது ஹோல்டர் உருகிவிட்டது. பேசாமல் எல்இடி மாட்டிவிடலாமா?

பதில்: எல்இடி வேண்டாம். 100/90-ஐயும் கழற்றிவிட்டுப் பழைய 75/70-யே போடுங்கள். குறை பல்பில் இல்லை. பேட்டரியில் இருக்கிற வோல்டேஜ் பல்பு வரைக்கும் முழுதாக வந்து சேரவில்லை.

ஹாலஜன் பல்பில் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் சுமார் 30 சதவீதம் போய்விடும். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 27.5 வோல்ட் இருந்து, ஹோல்டரில் 24.5 மட்டும் வந்தால், புது பல்பும் கிழட்டு பல்பு மாதிரிதான் எரியும். அதிலே 100 வாட்ஸ் போட்டால் கரண்ட் கூடுதலாக இழுக்கும். துருப்பிடித்த இணைப்பு அதைத் தாங்காமல் சூடாகும். உங்கள் ஹோல்டர் உருகியது அப்படித்தான்.

முதலில் எர்த் பாருங்கள், அதாவது பல்பிலிருந்து கரண்ட் வண்டியின் இரும்புச் சட்டம் வழியாகப் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பை. ஒரு பக்கம் மட்டும் மங்கல் என்றால் நான் கைவைக்கும் முதல் இடம் அதுதான். சேலத்தில் ஒரு பழைய லாரியில் எர்த் வயரைப் பிடித்திருந்த போல்ட்டைக் கழற்றினேன். வயர் முனையில் போல்ட்டில் மாட்டும் உலோக வளையமான லக்கைச் சுற்றிப் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. அதற்கு அடியில் பெயிண்ட், பெயிண்டுக்கு அடியில் துரு. லக் இரும்பைத் தொடவே இல்லை. உப்புத்தாள் போட்டு வெள்ளை இரும்பு தெரிகிற வரை தேய்த்து, புது லக் அடித்து, மேலே வாசலின் தடவி முடுக்கினேன். அதே பழைய பல்புதான், சுவரில் வெளிச்சம் பளிச்சென்று விழுந்தது.

நீங்களே சோதிக்கலாம். இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட் எரியும்போதே மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை ஹோல்டரின் எர்த் பின்னிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் மோசம். டிப் போடும்போது இரண்டு இழையும் சேர்ந்து மினுக்கினாலும் எர்த் கோளாறுதான்.

எர்த் சரியாகியும் இரண்டு பக்கமும் மங்கலாகவே இருந்தால் சுவிட்சையும் பழைய வயரையும் சந்தேகப்படுங்கள். முழு லோடும் டேஷ்போர்டு சுவிட்ச் வழியாகவே போய்வருகிற வண்டிகளில் ரிலே வைப்பதுதான் மருந்து. டேஷ்போர்டு சுவிட்சிலிருந்து வரும் சிறு கரண்டில் இயங்கி, பேட்டரியின் பெரிய கரண்டை நேராகப் பல்புக்கு விடுகிற மின் சுவிட்ச் அது. ஹை பீமுக்கு ஒன்று, டிப்புக்கு ஒன்று. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்து 2.5 சதுர மி.மீ. வயர் தனியாக இழுங்கள். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். ரிலே 24 வோல்ட்டா என்று பார்த்து வாங்குங்கள், 12 வோல்ட் ரிலே போட்டால் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் (காயில்) கருகிவிடும். வேலையைத் தொடங்கும் முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். உருகிய ஹோல்டரை ஒட்டவைத்து ஓட்டாதீர்கள், புதிது போடுங்கள்.

எல்இடி ஏன் வேண்டாம் என்கிறேன்? உங்கள் ரிஃப்ளெக்டர் ஹாலஜன் இழை இருக்கும் இடத்தைக் கணக்கு வைத்துச் செய்தது. எல்இடி சில்லு அதே இடத்தில் உட்காராவிட்டால் வெளிச்சம் சிதறும். ஏற்காட்டு இருபது கொண்டை ஊசி வளைவுகளில் எதிரே ஏறிவருகிறவனுக்குக் கண் கூசும், பனிமூட்டத்தில் உங்கள் முன்னாலேயே வெள்ளைச் சுவர் எழும்பும்.

அப்புறம் ரிஃப்ளெக்டரைப் பாருங்கள். பல்புக்குப் பின்னால் இருக்கும் ரப்பர் மூடி கிழிந்திருந்தால் தூசியும் மலைப்பனியும் உள்ளே போய் வெள்ளிப்பூச்சு மங்கிவிடும். அதைத் துணியால் தேய்த்தால் இருக்கிற பூச்சும் போகும். ஹெட்லைட் செட்டையே மாற்றுவதுதான் வழி. ரப்பர் மூடி சின்னச் செலவுதான், அதையும் சேர்த்து மாற்றுங்கள். பல்பின் கண்ணாடியை விரலால் தொடக்கூடாது. தொட்டுவிட்டால் ஸ்பிரிட்டில் துடைத்துவிடுங்கள். எண்ணெய்ப்பசை இருக்கும் இடம் அதிகம் சூடாகிப் பல்பு சீக்கிரம் போகும்.

எல்லாம் முடிந்ததும் பீமின் உயரத்தைச் சரிசெய்து பாருங்கள், அதுவும் மூட்டை ஏற்றிய நிலையில். லோடு ஏறினால் பின்பக்கம் அமுங்கி வெளிச்சம் மேலே தூக்கும். காலி வண்டியில் வைத்த அளவு அப்போது செல்லாது. சமதரையில் சுவருக்கு 10 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். டிப் வெளிச்சத்தின் மேல்விளிம்பு, ஹெட்லைட் மையத்தின் உயரத்துக்கு 10 செ.மீ. கீழே விழுகிற மாதிரி ஸ்க்ரூவைத் திருப்புங்கள்.